விரிப்பு மாற்றும் சிஸ்டர்

பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் படித்து, நோய்ப் பட்டியல் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். ஆனாலும் அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு டாக்டர்களுக்கும் இன்னமும் சிஸ்டர்தான். எந்த நோய் எந்த நோயின் கீழ் வரும் என்று ஒரே பட்டியலை எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்துவார்கள். நடுநடுவே சண்டையும் பிடிப்பார்கள்.

அன்று நான்கு மணிக்குப் பட்டியல் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போயாக வேண்டும். மதியம்தான் தெரிந்தது, சிறுநீரக டாக்டர் காலையில் மவுஸைக் கை தவறி இழுத்ததில் நானூற்றுப் பன்னிரண்டு சிறுநீரக நோய்கள் பல் நோய்களுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தன. யாரும் எதையும் சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் சாப்பிடாமல் கொள்ளாமல் பட்டியல் கோப்பின் நகலைத் தனியே சரிசெய்து முடித்தபோது மணி மூன்றே முக்கால்.

"சர்வரை நிறுத்திட்டுத் திரும்பப் போட்டுடுங்க," என்றார் மேலாளர்.

"எழுந்து உட்கார ஒரு மணி நேரம் ஆகும் சார். இவங்க பாதி எழுதி வெச்சதும் போயிடும். ஓடும்போதே புதுக் கோப்பைப் படிக்க வைக்கிறேன். நாற்பது செகண்டு."

"ஓடும்போதேவா?"

"நோயாளியை எழுப்பாம படுக்கை விரிப்பை மாத்துவோமில்ல, அப்படித்தான். நடுவுல அவர் அசையக் கூடாது, அவ்வளவுதான்."

இங்கே அசைவது என்றால் யாராவது சேமிப்பது. சேமித்தால் பழைய தப்பு புதுக் கோப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

சிஸ்டர் கூடத்தின் நடுவில் போய் நின்றார். "எல்லாரும் ரெண்டு கையையும் நெஞ்சு மேல கட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள்.

"மூக்கு அரிக்குது சிஸ்டர்," என்றார் தோல் டாக்டர்.

"உங்களுக்கேவா? பொறுத்துக்குங்க."

மிச்சம் பல் டாக்டர் ஒருவர். கால் கட்டோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். கை மட்டும் சும்மா இருக்காது. "தொடவே மாட்டேம்மா," என்றார் போனில். போன மாதம் அப்படிச் சொல்லிவிட்டுத் தொட்டவரும் அவர்தான்.

"போனை மேசை மேல வெச்சிட்டு ரெண்டு கையையும் தட்டுங்க டாக்டர். எனக்குச் சத்தம் கேட்கணும்."

சட், சட், சட் என்று போனில் கேட்டது. சிஸ்டர் கம்ப்யூட்டரில் கட்டளையைக் கொடுத்தார். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. யாருடைய திரையும் அணையவில்லை. பாதி எழுதியவை பாதியிலேயே பத்திரமாக நின்றன. சிறுநீரக நோய்கள் மட்டும் பல்லை விட்டு இறங்கித் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"கையை எடுக்கலாமா?" என்றார் சிறுநீரக டாக்டர்.

"எல்லாரும் எடுக்கலாம். நீங்க மட்டும் நாலு மணி வரைக்கும் கட்டியே இருங்க டாக்டர்."

கூடம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் போன் நினைவுக்கு வந்தது. சட், சட், சட். நடுவில் பல் டாக்டரின் மனைவி குரல், "யாருக்குங்க இப்படிக் கை தட்டுறீங்க?"

"சிஸ்டர் தட்டச் சொன்னாங்க. நிறுத்தச் சொல்லலை."