பலாமரத்தடியில் வந்த ஐந்து மெசேஜ்கள்

"காப்பி பறிக்கிறவங்க ஊட்டுப் பொண்ணு, காணாமப் போன மெசேஜையும் பறிச்சுட்டு வந்துருமாக்கும்" என்று எங்கள் ஹெட்கிளார்க் எல்லோர் முன்னாலும் சொன்னார். "பழுத்ததாப் பாத்துப் பறிச்சுட்டு வர்றேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு விசாரணை உத்தரவை வாங்கிக்கொண்டேன்.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைதான் எங்கள் ஊர், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்து, பரீட்சை எழுதி, சேலத்தில் அரசு வேலைக்கு வந்தவள். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன மழையில் செம்மநத்தம் போகிற வழியில் ஓடைப் பாலம் இடிந்துவிட்டது. அது தெரியாமல் வந்த பால் வண்டி கவிழ்ந்து டிரைவருக்குக் கால் முறிந்தது. முன்கூட்டியே தகவல் தரவில்லை என்று அந்த ஊர்த் தலையாரி அந்தோணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவரோ, விடியும்போதே தனக்கு மேலே உள்ள மூன்று அதிகாரிகளுக்கும் மெசேஜ் போட்டேன் என்கிறார். மூன்று பேரும் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். அவர் போனைப் பார்க்கலாம் என்றால், டிரைவரைத் தூக்க இறங்கியபோது அது ஓடையோடு போய்விட்டது. மெசேஜ் கிடைக்காவிட்டால் அந்தோணிக்கு வேலை போய்விடும், அவ்வளவுதான்.

இரண்டு அதிகாரிகளின் போன்களைப் பார்த்தேன். அன்று காலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு மெசேஜும் இல்லை. போன் கம்பெனிக்காரன் எல்லோருக்கும் அனுப்புகிற ரீசார்ஜ் விளம்பரம்கூட இல்லை. என் போனில் அன்றைக்கு அது ஆறரைக்கே வந்திருந்தது. யாரோ மொத்தமாக அழித்திருக்கிறார்கள் என்று புரிந்தது, ஆனால் போன் கோளாறு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்களே. கம்பெனியிடம் கேட்கலாம் என்றால், எந்த நேரத்தில் அனுப்பியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தோணிக்கு நேரம் ஞாபகமில்லை.

மூன்றாவது போனை ஏற்காட்டில் ஒரு புதன்கிழமை காலை வாங்கினேன். அணைத்து, சிம்மைக் கழற்றி அதிகாரியிடமே கொடுத்து, போனைக் கண்ணாடிக் கவரில் போட்டு சீல் வைத்து, அவர் கையெழுத்தையும் வாங்கினேன். அப்படியே அதைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தோணியின் வாக்குமூலம் வாங்க ஸ்கூட்டியில் செம்மநத்தம் போனேன்.

ஊருக்குள் டவர் எடுக்காது. மேல் வளைவில் ஒரு பலாமரம் இருக்கிறது. மெசேஜை அடித்து அனுப்பிவிட்டு, போனைத் துணிப்பையில் போட்டு, காப்பிக் கிளையை வளைக்கிற கொக்கிக் கோலால் உயரத்தில் மாட்டிவிட்டு எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். சிக்னல் வந்ததும் மெசேஜ் தானாகப் போகும். அன்றைக்கும் ஏழெட்டுப் பைகள் ஆடிக்கொண்டிருந்தன.

அங்கே நின்றிருந்த அந்தோணியின் மனைவி செல்வராணி என் போனையும் வாங்கி மாட்டினார். "இங்க கையில வெச்சிருந்தா அது வெறும் கடியாரந்தானுங்க கண்ணு. ஆபீசுக்காரங்க கூப்புட்டா மேல கெடந்து கத்தட்டும்" என்று சிரித்துவிட்டு, கோலையும் எடுத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிடப் போனார்.

நல்ல பகல்தான், பன்னிரண்டரை இருக்கும். பனி திடீரென்று இறங்கி எதிரே இருந்த என் ஸ்கூட்டியே மறைந்துவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. அப்போது என் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சீல் வைத்த கவர். நம்பினால் நம்புங்கள், நானே அணைத்த போன், சிம் இல்லாத போன், கவருக்குள் வெளிச்சமாக இருக்கிறது. மெசேஜ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுகின்றன. எல்லாம் அந்தோணியின் எண்ணிலிருந்து, அந்தக் காலைத் தேதியில்.

ஆறு பன்னிரண்டு: ஐயா, ஓடப் பாலம் ஒரு பக்கம் எறங்கிருச்சுங்க. ஆறு இருபது: பால் வண்டிய மேலயே நிறுத்தச் சொல்லுங்க. ஆறு நாற்பது, ஏழு ஐந்து என்று இன்னும் இரண்டு கெஞ்சல்.

படம் எடுக்க என் போன் கையில் இல்லை, தலைக்கு மேல் தொங்குகிறது. நோட்டை எடுத்து நேரத்தோடு எழுதினேன். நான்காவதை எழுதி முடிப்பதற்குள் ஐந்தாவது வந்தது. அதில் அன்றைய தேதி, நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்று.

'பலாமரத்தடியில ஒரு புள்ள நனஞ்சுட்டு நிக்குதுங்க. யாராச்சும் சீக்கிரம் வாங்க.'

திரும்பிப் பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றுமில்லை. அதையும் எழுதி முடித்ததும் வெளிச்சம் அணைந்தது. சீல் வைத்தது வைத்தபடி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தோணி பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றும் விளக்காமல் நோட்டை நீட்டினேன். உதடு அசைய அசையப் படித்தார்.

"நாலும் நான் போட்டதேதானுங்க. சர்ச்சுல ஆறு மணி அடிச்சு ஓஞ்சு பத்து நிமிசத்துல மொதலதப் போட்டேன். இப்ப நல்லா நெனவு வருது."

"அஞ்சாவதுங்க ஐயா?"

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். "என்ர போன் ஓடையில கெடக்குது சாமி. இத நான் போடல." பிறகு தன் தலையிலிருந்த சாக்கை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். "ஆனா உங்களப் பாத்திருந்தா, இப்படித்தான் போட்டிருப்பேன்."

சேலத்தில் இரண்டு சாட்சிகள் முன்னால் சீலை உடைத்து போனைத் திறந்தோம். மற்ற இரண்டைப் போலவே ஆறிலிருந்து எட்டு வரை காலி. புதன்கிழமை பகலும் காலி. ஹெட்கிளார்க் என் முகத்தைப் பார்த்தார். நான் பலாமரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று போன்களிலும் ஒரே இரண்டு மணி நேரம் எப்படிக் காணாமல் போகும் என்று மட்டும் கேட்டேன், என் போனில் இருந்த அந்த விளம்பரத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்கு எழுதும்மா. பதில் வர்ற வரைக்கும் அறிக்கைய நிறுத்தி வெக்கலாம். அந்தாளு வேலைமேல யாரும் கை வெக்க மாட்டாங்க" என்றார்.

அந்தோணி கையெழுத்துப் போட்டு உறுதி செய்த நான்கு நேரங்களையும் கடிதத்தில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓடைக்குள் கிடக்கிற போனிலிருந்து, சிம் இல்லாத போனுக்கு, யார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்று அதை அனுப்பினார்கள் என்று நினைத்தால் இப்போதும் பின்கழுத்து குளிர்கிறது. ஆனால் அது கெடுதல் நினைத்த கண் இல்லை.

நேற்று கடிதத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீலும் வாங்கிவிட்டேன். அதில் ஐந்து நேரங்களைக் கேட்டிருக்கிறேன்.