மயில்கொன்றைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், பிசியோதெரபி செய்ய வந்த பெண், "தினமும் நடக்கணும் மேடம். நேத்தைவிட இன்னிக்குப் பத்து அடி கூட" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அடி எண்ணிக்கொண்டு நடப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஆறு ஏழு எண்ணுவதற்குள் யாராவது "கால் எப்படி இருக்கு டீச்சர்?" என்பார்கள்; எண்ணிக்கை போய்விடும். அதனால் மரங்களைக் கணக்கு வைத்துக்கொண்டேன். மந்தைவெளியில் எங்கள் தெருவில் நான்கு மரங்கள். முதலில் வாதாமரம் வரை. அப்புறம் வேம்பு. பிறகு சரக்கொன்றை. தெருக்கோடியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி நிற்கும் மயில்கொன்றைக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று.

நடந்ததற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு மரத்தையும் செல்போனில் படம் எடுத்துப் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும். "சொன்னா நம்பமாட்டியா?" என்று அவளைக் கோபித்துக்கொண்டேன். ஆனாலும் கால் தேறி, அவளே போதும் என்று சொன்ன பிறகும் நான் விடவில்லை. வாதா இலை சிவந்து கொட்டியதும், வேம்பு துளிர்த்துப் பூத்ததும், இத்தனை வருடம் அதே தெருவில் இருந்தும் நான் பார்க்காதவை.

ஒரே இடத்தில் நின்று எடுத்தால்தான் மாறுவது தெரியும் என்பது போகப் போகப் புரிந்தது. மயில்கொன்றைக்கு எதிர்ச்சாரியில் ஒரு சாக்கடை மூடி உண்டு. அதன் நடுவில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பேன். படத்தில் வலப்பக்கம் மரம், இடப்பக்கம் தெருவிளக்குக் கம்பம், இரண்டுக்கும் நடுவே நிழலில் ஓர் இஸ்திரி வண்டி.

வண்டிக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது அவள் குடும்பமும் போயிற்று. வாடிக்கை வீடுகள் இங்கே என்பதால் தினமும் காலை பஸ் பிடித்து வந்துவிடுவாள். "இன்னா டீச்சர், நேத்து எட்த்த மரம்தானே? இன்னிக்கும் அதேதான கீது" என்பாள்.

"அதே இல்லம்மா. நல்லாப் பாரு" என்று போனை நீட்டுவேன்.

இரண்டாம் வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், குடியிருப்புச் சங்கத்தின் செயலர் என்னைத் தெருவில் நிறுத்தினார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, தன்மையான மனிதர். "உங்க மரம் செத்துடுச்சு டீச்சர். ஒரு இலை இல்ல. மேல விழறதுக்குள்ள எடுத்துடச் சொல்லி மனு குடுக்கப்போறோம்" என்றார்.

போன வருடம் அதே வாரத்தில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதிலும் மரம் மொட்டைதான். கறுத்த காய்கள் மட்டும் வாள் வாளாகத் தொங்கின. அடுத்து மே மாதப் படத்தைக் காட்டினேன். "இது சாகல சார். ஈஸ்டர் போகட்டும், பாருங்க" என்றேன். அவர் தயங்கினார். சங்கக் கூட்டத்துக்கே போனேன். நாற்காலி போடச் சொன்னார்கள். உட்காராமல் நின்றபடியே பேசினேன். மனு நின்றது. மே மாதம் மரம் தலை கொள்ளாமல் சிவந்தபோது, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவர்கள் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன். எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத ஒரு பகல். பழைய படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மயில்கொன்றையில் முதல் கிளை பிரியும் இடத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, முதல் வருடப் படத்தில் நாலு விரல் இடைவெளி. போன வாரப் படத்தில் ஒரு விரல்கூட இல்லை. மரம் வண்டிப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

நான்தான் சரியாக நிற்கவில்லை என்று முடிவு செய்தேன். சாக்கடை மூடியில் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, மழை விட்ட நேரமெல்லாம் எடுத்தேன். இடைவெளி கூடவில்லை. மரத்தின் மறுபக்கம் போய்ப் பார்த்தபோது நடைபாதைக் கற்கள் இரண்டு வேரோடு மேலே தூக்கியிருந்தன.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் நினைத்தது மரத்தைப் பற்றி அல்ல, அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய படத்தைப் பற்றி. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் தூறலில் அந்தப் பெண் வண்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதைப் பார்த்தேன். கயிற்றின் ஒரு முனையை அந்த மரத்தில்தான் கட்டினாள். நேராகச் செயலர் வீட்டுக்குப் போனேன்.

படங்களைப் பார்த்துவிட்டு அவர், "வெட்டக் கூடாதுன்னு சண்டை போட்டது நீங்கதானே டீச்சர்?" என்றார்.

"நான்தான். அதனாலதான் நானே வந்திருக்கேன். முழுசா எடுக்க வேணாம். சாயற பக்கத்துப் பாரத்தைக் குறைக்க முடியுமான்னு கேப்போம்."

இருவருமாகப் போய் மாநகராட்சியில் மனு கொடுத்தோம். வந்து பார்த்தவர்கள், சாய்ந்த பக்கக் கிளைகளை எடுத்துவிட்டால் நிற்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

இஸ்திரிப் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்களே வெட்டச் சொன்னீங்களா? தெனம் வந்து போட்டோ எட்த்தது இதுக்குத்தானா?" என்று பெட்டியை ணங்கென்று வைத்தாள். "எனக்கு நெழலு வேற எங்க கீது? சொல்லுங்க."

"எங்க வீட்டு போர்ட்டிகோல. கார் இல்ல, சும்மாதான் கிடக்கு."

"கஸ்டமரு தேடிக்கினு வருவாங்களா?"

"வரவைக்கறேன்." வாசலில் அட்டை எழுதி மாட்டினேன். அவளுடைய வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொன்னேன். மாடிப்படி ஏறுவது அப்போதும் எனக்குச் சிரமம்தான், ஏறினேன். ஒரு வாரம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி மட்டும் வந்து சேர்ந்தது.

மழைக்காலம் போயிற்று. காற்று பலமாக அடித்த நாள்களில் ஜன்னலோரத்திலேயே இருந்தேன். மரம் விழவில்லை. சாய்வு அதற்குமேல் கூடியதாகவும் படங்களில் தெரியவில்லை. ஆனால் கிளைகளை வெட்டியதில் ஒரு பக்கம் வழித்தெடுத்தது போல் ஆகிவிட்டது; மே மாதம் மறுபக்கம் மட்டும் பூத்தது.

ஒரு நாள் காலை இஸ்திரிப் பெண் என்னோடு தெருக்கோடி வரை நடந்து வந்தாள். சாக்கடை மூடிமேல் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு பக்கம் மொட்டையா கீது. அசிங்கமா இல்ல டீச்சர்?"

"அசிங்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன்.