கம்புக்குக் கம்பு

முப்பது வருஷம் ஒரு கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட மைதானத்தில் இறங்கிப் பந்தை உதைத்ததில்லை. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவனெல்லாம் சமைக்கத் தெரிந்தவனா என்ன?

எனக்கு நாசரேத்துப் பக்கம், கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வயது இருபத்துமூன்று. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. பல மைல் தள்ளி ஆழக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றவும் இறக்கவும் தோணிகள்தான் போய்வர வேண்டும். தோணியை நடத்துகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். எந்தத் தோணி எந்தக் கப்பலுக்கு என்று எழுதிய சீட்டைத் தண்டல்மாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவசரச் சீட்டு ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் அடுப்பில் சோறு பொங்குவதற்கே யோசிப்பார்கள். நான் மாலை ஆராதனைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு கிளம்பியிருந்தேன். சீட்டைக் கொடுத்துவிட்டு அப்படியே கோவிலுக்குப் போய்விடலாம் என்று கடற்கரைக்குப் போனேன்.

அங்கே கூட்டம் கூடி ஒரே கூச்சல். தோணிக்காரர்கள் புட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரணியில் பதினோரு பேர், காலில் பூட்சு. இவர்கள் வெறுங்காலோடு ஒன்பது பேர்தான். மற்ற இரண்டு பேர் எங்கே என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் கடலைக் கையால் காட்டினார். பாய் விரித்து ஒரு தோணி கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர் வரும்வரைகூடப் பொறுக்காமல் அதிலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். நீந்திக் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்து நேராக ஆட்டத்துக்குள் புகுந்தார்கள். ரெப்ரி கையை ஆட்டினார், அவ்வளவுதான். அந்த இருவரில் ஒருவன் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கோல் போட்டான். நான் கையில் பாட்டுப் புத்தகத்தோடு குதித்துக் குதித்துக் கத்திக்கொண்டிருந்தேன். கோவில் மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனேன். ஆராதனைக்கு நான் வருவதில்லை என்று யாரோ ஊருக்கு எழுதிப்போட, அப்பாவிடமிருந்து நாலு பக்கத்துக்குக் கடிதம் வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். அடுத்த ஞாயிறும் மைதானத்தில்தான் நின்றேன்.

மைதானம் என்றா சொன்னேன்? அது வெறும் மணல். சுண்ணாம்பால் கோடு போட்டால் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஒரு மணி நேரத்தில் துடைத்துவிடும். அதனால் தோணியில் கழித்துப்போட்ட தென்னந்தும்புக் கயிறுகளை முடிந்து, மூலைக்கு ஒரு கம்பும் நடுவில் ஒரு கம்புமாக நட்டு, அவற்றில் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அதுதான் கோடு. ஆனால் கயிறு சொன்னபடி கேட்குமா? ஆட்டம் நடக்க நடக்க ஆட்களின் கால் இடறித் தளர்ந்துவிடும். பிறகு காற்றும் மணலும் சேர்ந்து அதை ஒரு பக்கமாகத் தொப்பை போலத் தள்ளிவிடும். அதற்காகக் கரையில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கயிறு கணக்கில்லை, கம்புக்குக் கம்பு பார்க்க வேண்டும். கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் சந்தேகம் வந்தால் குனிந்து ஒரு கம்பிலிருந்து மறு கம்பை நேர்பிடித்துப் பார்ப்பார். வெளியூர் அணி வந்தாலும் ஆட்டம் தொடங்குமுன் ரெப்ரி இதைச் சத்தம்போட்டுச் சொல்லிவிடுவார். ஆபீசில் மற்ற கிளார்க்குகளுக்கு இதை விளக்குவதில் எனக்குப் பெரிய பெருமை. ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி பேசுவேன்.

தோணிக்காரர்கள் அணியின் கேப்டனும் ஒரு தண்டல்தான். நாற்பது வயது, கட்டையான உடம்பு, கழுத்தில் கத்தோலிக்கர் அணிகிற உத்தரியக் கயிறு. பின்வரிசையில் நின்று ஆடுவார். என்னை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆபீஸ்காரன் எதற்கு இங்கே வருகிறான் என்று நினைத்திருப்பார். நாள்பட நாள்பட, கோல் விழுந்தால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே ஒரு வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அவர்களில் ஒருவனாக என்னையும் எண்ண வேண்டும் என்று நான் பட்ட ஆசை, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் வருஷம் ஊர் வியாபாரி ஒருவர் கொடுத்த கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் தோணிக்காரர்கள். இன்னொரு பக்கம் கப்பல் கம்பெனி ஆபீசுகளெல்லாம் சேர்ந்து வைத்திருந்த கிளப். அதாவது என் ஹெட்கிளார்க் காரியதரிசியாக இருந்த கிளப். அணிக்கு ஒருவராகக் கொடி பிடிக்க ஆள் தர வேண்டும். தோணிக்காரர்களின் வழக்கமான ஆள் கப்பலுக்குப் போனவர் திரும்பவில்லை. தண்டல் என்னிடம் வந்து கொடியை நீட்டினார்.

"சட்டம் தெரிஞ்சவரு நீருதான். பிடியும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர்ப்பக்கத்துக் கோட்டில் போய் நின்றேன். பின்னாலேயே நாற்காலி போட்டு ஹெட்கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுதது நம்ம ஆபீஸ் சோறு, கொடி தோணிக்காரனுக்கா? நடக்கட்டும். நாசரேத்து நேர்மை எப்படின்னு இன்னைக்குப் பாத்திருவோம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு என் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒருதலையாக நடந்தான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்று ஆட்டம் முழுக்க அதே நினைப்பு.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் வலது அவுட், அதாவது வலப்பக்க ஓரத்தில் ஓடி ஆடுகிறவன், பந்தை எடுத்துக்கொண்டு என் கோட்டோரமாகவே பறந்தான். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்து அடித்து, கயிறு மைதானத்துக்கு உள்ளே வளைந்து கிடந்தது. பந்து கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் உருண்டது. நான் குனிந்தேன். கம்புக்குக் கம்பு பார்த்தேன். பந்து ஒரு சாண் உள்ளேதான் இருந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் ஹெட்கிளார்க் எழுந்து, "கயித்தத் தாண்டியாச்சு! அவுட்டு!" என்று கத்தினார். என் கை தானாக எழுந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தானாக எழவில்லை. நான்தான் தூக்கினேன்.

அதற்குள் பந்து நடுவில் வந்து கோலுக்குள்ளும் போய்விட்டது. கரை முழுக்க ஆரவாரம். ரெப்ரி என் கொடியைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். கோல் இல்லை. வலது அவுட் என்னை அடிக்கவே வந்தான். தண்டல் குறுக்கே வந்து அவனைத் தள்ளினார்.

"கொடி அவரு கையில நாமதானலே குடுத்தோம்? போ, போய் ஆடு."

கடைசி நிமிஷத்தில் ஆபீஸ் அணி ஒரு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் கோப்பை ஹெட்கிளார்க்கின் மேசைமேல் பூச்சுற்றி இருந்தது. எல்லார் முன்னாலும் அவர் என் தோளைத் தட்டினார். "வளர்ப்புன்னா இதுதாம்யா வளர்ப்பு! சொந்த ஆளுக்கு எதிராவே கொடி தூக்கினான் பாரு" என்றார். எந்த நேர்மைப் பட்டத்துக்காகப் பயந்து செத்தேனோ, அது கைக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். தண்டல் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிரவில்லை.

"பந்து உள்ளதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்."

"கயிறு உள்ள வந்திருந்துச்சு. எனக்கு..."

"அதுவும் தெரியும். நீரு குனிஞ்சு கம்பப் பாத்ததையும் நான் பாத்தேன்."

அவர் ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார்.

"எங்களுக்குச் சாதகமாச் சொல்லும்னு உம்ம யாரும் கூப்பிடலவே. கண்ணு கண்டதச் சொல்லும்னுதான கூப்பிட்டோம். எவன் என்ன நெனப்பான்னு பாத்துக் கடல்ல சுக்கான் பிடிச்சா தோணி எங்கன போய் நிக்கும்?"

அழுதுவிட்டேன். இருபத்துநாலு வயசுக்காரன் கடற்கரையில் நின்று அழுதேன். அவர் மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டார். நான் திரும்பிப் பத்தடி நடந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"மழைக்கு முன்ன காயல்பட்டினத்துக்காரங்க ஆட வாராங்க. அன்னைக்கும் கொடி நீருதான். ஊருக்குப் போயிராதயும்."

ஐப்பசியில் அந்த ஆட்டம் வந்தது. காற்று திரும்பிவிட்டிருந்தது, கடல் பக்கமிருந்து வாடை. என்னைக் கொடியோடு கண்டதும் கரையில் முணுமுணுப்பு. நான் வேறு எதையும் பார்க்காமல் கம்பையும் பந்தையும் மட்டும் பார்த்தேன். காயல்பட்டினத்து அணி ஒரு கோல் போட்டு முந்தியிருந்தது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே வலது அவுட், அதே கோட்டோரம். இந்தத் தடவை வாடைக்காற்று கயிற்றை வெளியே தள்ளியிருந்தது. பந்து கயிற்றுக்கு உள்ளே ஓடியது, ஆனால் கம்புக்கு வெளியே. அவன் உதைத்தான், நடுவில் நின்றவன் தலையால் முட்டினான், கோல். கரையே எழுந்து ஆடியது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அப்பப்பா, அன்றைக்கு வாங்கின ஏச்சு! என் தாத்தா வரைக்கும் போய்விட்டார்கள். பனங்கிழங்கு விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து திட்டினாள். ரெப்ரி கோல் இல்லை என்று சொல்லிவிட்டார். வலது அவுட் என் சட்டையைப் பிடித்தான். நான் விடவில்லை. "கம்பப் பாருவே! கம்பப் பாத்துட்டுப் பேசு!" என்று அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

தண்டல் நடந்து வந்தார். மணலில் குந்தி, ஒரு கண்ணை மூடி, கம்புக்குக் கம்பு பார்த்தார். பந்து உருண்ட தடம் மணலில் அப்படியே இருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அவுட்டுதாம்ல. சட்டைய விடு."

"இவரு யாரு ஆளு அண்ணாச்சி? நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று அவன் மூச்சு வாங்கக் கேட்டான்.

"நம்ம ஆளுதாம்ல. வேற எவன் நம்ம கரையில நின்னு இத்தன ஏச்சையும் வாங்கிட்டு நிப்பான்?" என்று சொல்லிவிட்டுத் தண்டல் தன் இடத்துக்கு ஓடினார்.

அந்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து கண்ணீர் என் கண்ணை மறைத்துக்கொண்டே வந்தது. அதற்கப்புறம் என் பக்கம் வந்த இரண்டு பந்துகளை உள்ளேயா வெளியேயா என்று நான் பார்க்கவே இல்லை.