தரையை விட்டுப் போகாத பேருந்து

ஈவழுக்கி என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் தொழில் பொறாமைக்காரர்கள். ஆனாலும் பெயரில் பொய்யில்லை. அவர் பெயிண்ட் அடித்த காரின் மேல் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று பேச்சு. ஒரு வண்டியைக் கையில் எடுத்தால் கண்ணாடி, ரப்பர், கைப்பிடி, நம்பர் பலகையின் திருகாணி வரைக்கும் காகிதமும் டேப்பும் ஒட்டி மூடிவிடுவார். மூடாமல் விடுவது தகரத்தையும் தரையையும்தான்.

தரைக்கு அவர் வைத்திருந்த வைத்தியம் தண்ணீர். அடிப்பதற்கு முன் ஷெட் முழுக்கத் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. ஸ்ப்ரே கன்னிலிருந்து புகையாகப் பறக்கிற பெயிண்டும் ஈரத்தில் படிந்து, சாயங்காலம் துடைப்பத்தோடு வாசலைத் தாண்டிவிடும்.

அந்த ஷெட் அவருடையதல்ல, மச்சானுடையது. மனைவியின் அண்ணன் கொத்தனார். ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த களைப்பில் தனக்கென்று கட்டிக்கொண்டது இந்த ஒரு கொட்டகைதான். அதன் சுவர் கோணல், கூரை ஒழுகும். தரை மட்டும், அடடா! சிமெண்டுப் பாலை ஊற்றி, மண்டிபோட்டு, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிப்பட்டவர் போயும் போயும் ஒரு பெயிண்டருக்கு இடம் கொடுத்தார் என்றால் தங்கச்சி அழுததுதான் காரணம். தலை நரைக்கும் வரை அடுத்தவன் பட்டறையில், முதலாளி இடுப்பில் கைவைத்து முதுகுக்குப் பின்னால் நிற்க, கன் பிடித்த மனுஷன் ஒரு வருஷமாகத்தான் சொந்தமாக மூச்சு விடுகிறார். மச்சான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தரை கெட்டால் ஷெட் கிடையாது.

பள்ளிக்கூடப் பேருந்து வந்த அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வண்டி மறுநாள் ஓடியாக வேண்டும் என்று டிரைவர் கூடவே நின்றார். ஒருநாள்தானே என்று ஈவழுக்கி கன்னை எடுத்தார். அடித்தார், காய்ந்தது, கண்ணாடி மாதிரி மின்னிய பேருந்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தால் தரை முழுக்க மஞ்சள். நடுவில் மட்டும் பேருந்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சாம்பல் நிறக் கட்டம். வண்டி போய்விட்டது, அது நின்ற இடம் போக மாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருவார். வந்தால் தங்கச்சியைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார்.

பெயிண்டருக்கு எந்தச் சிக்கலுக்கும் கை போகிற இடம் தின்னர் டின். ஊற்றினார். மேலாகக் கிடந்த மஞ்சள், கரைந்து சிமெண்டின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளுக்குள் இறங்கிச் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. பக்கத்து வெல்டர் ஆசிட் என்றார், டயர் கடைக்காரர் மண்ணெண்ணெய் என்றார். இரண்டும் ஆயிற்று. எதிர்ச்சாரி மெக்கானிக், மேலே சாம்பல் பெயிண்ட் அடித்து மறைத்துவிடச் சொன்னார். எந்தக் கம்பெனிக் கார் நிறத்தையும் கண்பார்வையிலேயே கலந்துவிடும் ஈவழுக்கிக்கு, வெறும் சிமெண்டின் நிறம் கடைசிவரை பிடிபடவில்லை. ஈரத்தில் சரியாக இருந்தது காய்ந்ததும் வேறாகப் போயிற்று.

வெல்டரிடம் கிரைண்டரை இரவல் வாங்கி ஒரு பக்கமாக வைத்துத் தேய்த்தார். மஞ்சள் போயிற்று. கூடவே மச்சானின் வழவழப்பும் போய், ஜல்லி பல்லைக் காட்டியது. தேய்த்த இடம் வெள்ளையாகத் தனித்துத் தெரிந்ததால் அதோடு சேரட்டும் என்று சுற்றிலும் தேய்த்தார். வெள்ளை பெரிதாயிற்று. சேர வேண்டிய இடமும் அதே அளவுக்குப் பெரிதாயிற்று. கிரைண்டரின் கல் தேய்ந்து தீர்ந்ததால்தான் நிறுத்தினார், இல்லாவிட்டால் தெருவரைக்கும் போயிருப்பார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது. மஞ்சளாவே விட்டிருந்தாக்கூட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், குந்தினார். உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே கொஞ்ச தூரம் நகர்ந்தார். ஈவழுக்கி தண்ணீர் வராத கதையில் ஆரம்பித்துக் கிரைண்டர் வரை ஒப்பித்தார்.

"பறந்து விழுற பெயிண்ட்டு பாதி வழியிலேயே காஞ்சிடும்தான மாப்ள? தூளாத்தான விழும்?"

"ஆமா மச்சான்."

"கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் சுரண்டினா வந்துடும்."

"வந்துடும்."

"பெருக்கிப் பாத்தீங்களா?"

பெருக்கவில்லை. துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது. தண்ணீர் இல்லாத தரையையும் பெருக்கலாம் என்பது அத்தனை வருஷத் தொழிலில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

மச்சான் எழுந்து கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பழைய கதை பேசிச் சிரித்தார், போனார். ஈவழுக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணன் திட்டுனாரா?" என்றாள் மனைவி, தட்டுகளை எடுத்தபடி.

"இல்லையே. ஒரு வார்த்தை சொல்லல. தங்கமான மனுஷன்."

அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். "திட்டவே இல்லையா? அப்ப ஷெட்டு போச்சு. திட்டினா அவருக்கு அதோட ஆறிடும். சிரிச்சாருன்னா முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம்."

மறுநாள் காலை மச்சான் அளவு டேப்போடு வந்தார். மேல்பூச்சைக் கொத்திவிட்டுப் புதுசாகத் தரை போடப் போவதாகவும், தையல் மெஷின் போட இடம் தேடிக்கொண்டிருந்தவர்கள் கிடைத்துவிட்டதாகவும் ரொம்பப் பிரியமாகச் சொன்னார். பழைய பட்டறை முதலாளியையும் வழியில் பார்த்துப் பேசியாயிற்றாம். உடனே வரச்சொன்னாராம்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாப்ள. இந்தாங்க, இந்த நுனிய அந்தச் செவத்துல பிடிங்க."

ஈவழுக்கி நுனியை வாங்கிக்கொண்டு மஞ்சள், சாம்பல், வெள்ளை எல்லாவற்றையும் மிதித்துக் கடந்து போய்ச் சுவரில் வைத்துப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் மச்சான்.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.