முந்நூறு தொட்ட நாள்

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் மாமாவின் போன்தான் எனக்குத் துணை. அப்பாவும் அம்மாவும் ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பகலில் பேச்சுக்குரலே கேட்காது. எல்லாரும் ஷிப்டில் இருப்பார்கள். இல்லையென்றால் ஷிப்ட் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள்.

அம்மாவின் தம்பியான மாமா, நிலம் விற்றதில் தன் பங்குக்கு வந்த பணத்தை ஒரே கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். விலை ஏறியதும் விற்றுப் படப்பையில் மனை வாங்குவதாக இருந்தார். அவர் வேலைபார்த்த இடத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். குறித்த விலைக்குத் தானாகவே விற்கும் வசதி இருப்பது அவருக்கு அப்போது தெரியாது. அதனால் தினமும் காலையில் கம்பெனி பஸ் ஏறும் முன், ஒரு பொட்டலம் போண்டாவோடு போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

“முந்நூறு வந்துச்சின்னா இந்த செவப்பு பட்டன அமுக்கிடு பாப்பா. வித்துட்டா அப்பால காலங்காத்தால உன்னாண்ட ஓடியார வேல கெடையாது எனக்கு.”

விலை ஏன் ஏறுகிறது, இறங்குகிறது என்று கேட்டேன். வாங்க நிறையப் பேர் வந்தால் ஏறும், விற்க நிறையப் பேர் வந்தால் இறங்கும் என்றார். அந்தப் பேர்களை நான் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளாகவே நினைத்துக்கொண்டேன். ஒன்பதேகாலுக்கு வருவார்கள், மூன்றரைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை பங்குச்சந்தைக்கு விடுமுறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓ.டி., கூடுதல் நேர வேலை. அன்று யாருமே வரமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை இருக்கும், முந்நூறு வந்தது. பிறகு முந்நூற்று மூன்று. என் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அமுக்கினால் நாளைக்கு மாமா வரமாட்டார். போனைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். மறுபடி எடுத்தபோது இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

சாயங்காலம் மாமா கேட்டார். “தொடவே இல்லியா பாப்பா?”

“இல்ல மாமா. கிட்ட வந்துச்சி, அப்டியே எறங்கிடுச்சி.”

அவர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையைத் தடவி, “சரி, நாளிக்கும் பாத்துக்க” என்றார். மறுநாள் வழக்கம்போல வந்தார்.

அதன்பிறகு அந்த விலை திரும்பவே இல்லை. பள்ளி திறந்த வாரம், இருநூற்றுக்கும் கீழே விற்றார். மனை வாங்கவில்லை. இன்றைக்கும் வாடகை வீடுதான்.

டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் நானும் கொஞ்சம் பங்கு வாங்கினேன். போன் திரையில் விலைக்குக் கீழே, அன்றைய உச்ச விலையும் அடிமட்ட விலையும் சின்ன எழுத்தில் இருந்தன. யார் பார்த்தாலும் தெரியும். அந்தக் கோடையிலும் அவை அங்கேதான் இருந்திருக்கும்.

மாமா நம்பிவிட்டார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் அவர் ஏன் வந்தார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.