எண்ணெய் விட்ட கேற்

பிள்ளைகளே, படம் பார்க்கும்போது பின்னால் வரும் இசையைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கே அழவேண்டும், எங்கே பயப்படவேண்டும் என்று அதுதான் முதலில் சொல்லிவிடுகிறது. நான் அதிகம் படித்தவன் இல்லை. இது என் மாமா சொன்னது.

மாமா, அம்மாவின் தம்பி, உடுப்பிட்டியில் கலியாண வீடியோ எடுப்பவர். தாலி கட்டினாலும் சோறு போட்டாலும் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்துவிடுவார். எனக்குப் பத்து வயதானபோது, தன் ஆசைக்கு ஒரு சின்னப் படம் எடுத்தார். மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் வரவேண்டியிருந்தது. ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போன அண்ணை இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அம்மா போய்க் கேட்காத இடம் இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், வாசிகசாலை யன்னல்களை, இடுப்பில் உடுக்கும் சாரங்களால் மறைத்து, மாமா படத்தைப் போட்டார். ஒரு பெண் அரிசி புடைத்தாள். சுளகின் சத்தம் மட்டும். பிறகும் புடைத்தாள். பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது.

"வீடியோக்காரர், வயர் கழண்டு போச்சோ? பாட்டை விடுங்கோவன்" என்றார் ஒருவர். மணவறையை எப்போது காட்டுவார் என்று இன்னொருவர் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு இரும்புக் கேற் திறபட்டு நீளமாகக் கிறீச்சிட்டது. சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டும் சத்தமும் வந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து, செருப்பும் போடாமல் வெளியே ஓடினார். நான் பின்னால் ஓடிப் பிடித்து, அது படம் என்றேன்.

"படமெண்டால் பாட்டு வந்திருக்கும், மோனை. உது எங்கடை கேற். அண்ணை வந்திட்டான்."

பாதி சரிதான். மாமா அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டில்தான் பதிந்திருந்தார்.

கேற் நாங்கள் சாத்தியபடியே இருந்தது. அம்மா திறந்தார், சாத்தினார். பொழுதுபடும்வரை அதைத்தான் செய்தார். மாமா வந்து கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, "அக்கா, நான் யோசிக்கேல்லை" என்றார். அதன்பின் அவர் பாட்டில்லாத படம் எடுக்கவில்லை.

அந்தச் சத்தம்தான் அம்மாவை வருத்துகிறது என்று நான் முடிவுகட்டினேன். அடுத்த நாள் அவர் சந்தைக்குப் போன நேரம், சைக்கிள் எண்ணெயைக் கேற்றின் பிணைச்சல்களில் தாராளமாக விட்டேன். கேற் பூனைபோலத் திறந்தது. கெட்டிக்காரன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

சந்தையால் வந்த அம்மா அதைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து கேற்றடியில் போட்டு அதில் அமர்ந்தார். மரக்கறி வெட்டியதும் என் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் பிறகு அங்கேதான். தூறல் விழும்போது உள்ளே கூப்பிட்டால், "நீ போ, வாறன்" என்பார். வரமாட்டார்.

காற்று வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கத்துகிற கேற் அடுப்படியில் நின்றாலும் கேட்கும். கத்தாத கேற்றுக்குப் பக்கத்திலேயே இருந்துதான் பார்க்கவேண்டும். அது எனக்கு அப்போது தெரியவில்லை.