மச்சானுக்குப் பிடித்த சாம்பல் வண்டி

எங்கள் வீடு தெமோதரைக்கு மேலே, தேயிலைக்குள் ஏறிப் போகும் தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் இருக்கிறது. வெயில் காலத்தில் அது ரோடு. ஐப்பசி பிறந்துவிட்டால் வெறும் சேற்றுக் குழம்பு. எங்களிடம் இருந்த சின்னக் கார் மழை முடியும்வரை அடிவாரத்தில் ஒரு கடை வாசலில் நிற்கும். நாங்கள் குடையும் கையுமாக ஏறி இறங்குவோம். மனைவி பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து களைத்துப் போய் வருகிறவள் அந்த ஏற்றத்தில் சேறு அப்பிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்குக் கால் வலிக்கும். அதனால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர்வீல் வண்டி ஒன்று வாங்கியே தீருவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். மகள், மாமனார் என்று வீட்டில் நாலு பேர். எல்லாரும் வசதியாக உட்கார்ந்து போக வேண்டும்.

முடிவு செய்து வாய் மூடுவதற்குள் அவள் சொன்னாள், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமுங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டு வரும் வாக்கியம் அது. அவளுடைய அண்ணன், என் மச்சான், பண்டாரவளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். உயரமான ஆள். அவர் அப்பா, அதாவது என் மாமனார், தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் என்பதால் வண்டி விஷயம் அவருக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது அவர். மகளை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று சொன்னதும் அவர். நான் கணித ஆசிரியன். நான் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியின் சட்டத்தைக்கூட அவர்தான் தேர்ந்தெடுத்தார். அவர் சொன்னது ஒருமுறையாவது பிழையாகிப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பிழையானதே இல்லை.

இந்த முறை வேலையை நானே முடித்துவிட்டு அவருக்கு முடிவை மட்டும் சொல்வது என்று இருந்தேன். பதுளையில் பஸ் நிலையத்துக்கு அப்பால் ஒரு முஸ்லிம் பெரியவர் பழைய வாகனங்கள் வாங்கி விற்கிறார். அவரிடம் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். இரண்டும் ஜப்பானில் இருந்து வந்தவை, ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே வயது. வெவ்வேறு கம்பெனி என்பதை முன்னால் இருந்த முத்திரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளையில் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று வண்டியே அறிந்துகொண்டு மற்றச் சக்கரங்களுக்கு விசையை அனுப்பும். சாம்பலிலும் அப்படியேதான். ஆனால் அதில் ஒரு சுவிட்சு இருந்தது. அதை அழுத்தினால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு இழுக்கும். வெள்ளையில் பின் இருக்கை விரல்கடை அளவு கூடுதல் அகலம். வேறு வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டும் நல்ல வண்டிதான் சேர். உங்கட மனசுக்கு எது புடிக்குதோ அத எடுங்க," என்றார் அந்தப் பெரியவர். விற்கிறவர் அப்படிச் சொல்லிவிட்டால் வாங்குகிறவன் பாடு திண்டாட்டம். ஒரு தடவை போய்ப் பார்த்ததை அடுத்த தடவை போய் மறுபடி பார்த்தேன். பாடசாலை இடைவேளையில் போனில் அந்த வண்டிகள் மலையேறுகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் எங்கள் வளைவை மனதில் வைத்துச் சாம்பல் வண்டிதான் என்று முடிவுக்கு வந்தேன். அந்த சுவிட்சு எங்கள் ரோட்டுக்காகவே வைத்தது போல இருந்தது. மனைவியிடமும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதற்குள் அண்ணனுக்குப் போன் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். இரண்டு வண்டியையும் எங்கள் ரோட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். பதுளையில் பெரியவர் அவரைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு சாவியையும் கொடுத்து, வண்டியை எங்கள் அடிவாரம்வரை கொண்டுவர ஒரு ஆளையும் அனுப்பினார். நான் இத்தனை தடவை போய் வந்திருக்கிறேன். வண்டிகள் நிற்கிற முற்றத்துக்குள் ஒரு வட்டம் ஓட்டத்தான் எனக்கு விட்டார். மச்சான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, சேற்று வளைவில் வெள்ளையை ஏற்றினார். இறங்கிப் போய்ச் சாம்பலை ஏற்றினார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மகள் முன் இருக்கையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நான் வாசலில் நின்றேன். என் வண்டியை என் ரோட்டில் இன்னொருவர் ஓட்டுகிறார், என் பிள்ளை சிரிக்கிறாள்.

மச்சான் இறங்கி வந்து கையைத் துடைத்தார். "மாப்ள, யோசிக்கவே வேணாம். சாம்பல எடுங்க. அந்த சுவிட்சு ஒண்ணு போதும்."

நான் நாள் கணக்காகப் போட்ட கணக்கின் விடையை அவர் வகுப்புக்குள் நுழைந்த உடனே சொல்லிவிட்டார். என் பதில் சரி என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இனி அது என் பதில் இல்லை. இந்த வண்டி எங்கள் வாசலில் நிற்கும் காலம்வரை அண்ணன் பார்த்துக் கொடுத்த வண்டி என்றே சொல்லப்படும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நான் வெள்ளைய எடுக்கலாம்னு இருக்கேன்," என்றேன்.

மச்சான், மனைவி, மகள் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பின் இருக்கை அகலம் என்றேன். பனிமூட்டத்தில் வெள்ளை நன்றாகத் தெரியும் என்றேன். பனிமூட்டமே வெள்ளைதானே அப்பா என்றாள் மகள். சுவிட்சை அழுத்தவா வேண்டாமா என்று உங்கள் தங்கை ஓடுகிற வண்டியில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்று மச்சானிடம் சொன்னேன். ஓட்டப்போகிறது நீங்கள் இரண்டு பேரும், உங்கள் விருப்பம் என்று சொல்லி அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள், "நேத்து வரைக்கும் சாம்பல்னுதானே சொன்னீங்க?"

மறுபடி யோசித்தேன் என்றேன். அவள் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளை வண்டி வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மழையிலேயே ஆட்டுக்குட்டி போல வளைவில் ஏறியது. மனைவி இப்போது வாசல்வரை வந்து செருப்போடு இறங்கினாள். நானே பார்த்து, நானே வாங்கிய வண்டி என்று ஹாலிஎலயிலிருந்து வரும் சக ஆசிரியர்களிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கீழே ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாம்பல் வண்டி ஏறி வந்துகொண்டிருக்கிறது. ஓட்டி வருகிறவர் மச்சான்.

"அவ்வளவு நல்ல வண்டிய விட மனசு வரல மாப்ள. நீங்க வேணாம்னு சொன்ன பொறகுதான் போய்க் கேட்டேன்," என்றார்.

குற்றம் சொல்ல இடமே இல்லை. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்த ஒரே வண்டி அதுதான். அதன் இஞ்சின் சத்தம் எனக்கு அடிவாரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்குப் போவாள்; என் வண்டிச் சத்தத்துக்கு அவள் அப்படிப் போனதாக எனக்கு நினைவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் ஆண்கள் சாம்பலைச் சுற்றித்தான் நிற்பார்கள். மச்சான் சமதளத்தில்கூட அந்த சுவிட்சை அழுத்திக் காட்டுவார். நான் என் வண்டியில் ஏறி, சுவிட்சு இல்லாத இடத்தைச் சும்மா பார்ப்பேன். அங்கே ஒரு கறுப்பு மூடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கார்த்திகையில் மாமனாரின் தங்கை பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில். இரண்டு வண்டியும் போனோம். மாமனார் வழக்கம்போல என் வண்டியில் பின்னால். மச்சான் முன்னால் போனார். மேல் பிரிவுக்குத் திரும்பும் இடத்தில் மண்மேடு சரிந்து ரோட்டில் களிமண் பரவியிருந்தது. மச்சான் நிற்கவில்லை. சுவிட்சை அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். பாதி தூரம் நிமிர்ந்து போன சாம்பல் வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் வழுக்கி, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் பின் சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது.

எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பக்கத்தில் மனைவி ஐயோ அண்ணன் என்றாள். நானும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். அவரைத் தாண்டிப் போய் முன்னால் நின்று கயிறு கட்டி இழுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்கும்படியாக நிதானமாக ஏறினேன். நான்கு சக்கரமும் களிமண்ணை அள்ளி வானத்துக்கு எறிந்தன. வண்டி ஒரு அடி போனது, இரண்டு அடி பின்னால் வந்தது, சாம்பலுக்குப் பக்கத்தில் அதே கானில் உட்கார்ந்தது.

தோட்டத்து டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். மழை வலுத்தது. மனைவியும் மகளும் மச்சானின் மனைவியோடு குடை பிடித்துக்கொண்டு விசேஷ வீட்டுக்கு நடந்து ஏறினார்கள். மச்சான் வந்து என் பக்கத்து இருக்கையில் ஏறினார். நனைந்து போயிருந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். மாமனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி கானில் சரிந்ததுகூடத் தெரியவில்லை.

"உங்க வண்டியில எப்பவும் இப்படித்தான் தூங்குவாரா?"

ஆமாம், ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிடுவார் என்றேன்.

மச்சான் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார். "என் வண்டியில அவர் தூங்கினதே இல்ல மாப்ள. மேல இருக்கிற கம்பியப் புடிச்சுக்கிட்டே வருவாரு. காலால பிரேக் மிதிப்பாரு. எனக்கு ஓட்டப் பழக்கினவரு அவருதான். இன்னும் என்னை நம்பல." வைப்பர் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உங்களப் பார்த்தா சில நேரம் எரிச்சலா வருது."

இத்தனை வருஷமும் என் நெஞ்சில் கிடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அதை மழையைப் பற்றிப் பேசுவது போலச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. பொறாமையைக்கூட என்னைவிட லேசாகச் சொல்லத் தெரிந்த மனிதர் என்று பொறாமையும் வந்தது. எனக்கும் அப்படித்தான் மச்சான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. சங்கிலி போட்டு இரண்டு வண்டியையும் இழுத்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டும் கூரைவரை ஒரே செம்மண் நிறம். விசேஷ வீட்டுக்காரர்கள் எது யாருடையது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

தை பிறந்ததும் மச்சான் போன் செய்தார். மாமனாரை வெலிமடையில் ஒரு கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், வெள்ளை வண்டியைத் தர முடியுமா என்றார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். கொடுத்தேன். அவர் விட்டுப்போன சாம்பலை நான் எடுத்துக்கொண்டு பதுளைவரை போய் வந்தேன். சுவிட்சை அழுத்திப் பார்த்தேன். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மற்றபடி அது என் வண்டியேதான்.

மாலையில் மச்சான் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தூங்கினார் மாப்ள. பண்டாரவளை தாண்டினதும் தூங்கிட்டாரு. போகையிலயும் வரையிலயும்." தங்கையிடம் போய் அதையே இன்னொரு முறை சொன்னார். அவளும் பெரிய விஷயம் போலக் கேட்டுக்கொண்டாள். எனக்கென்று அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே ஒன்றும் போய்விட்டது.

மச்சான் போன பிறகு மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன். மனது கேட்கவில்லை. போகிற வழியெல்லாம் நன்றாகத் தூங்கினீர்களாமே என்றேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எங்கங்க தூங்குறது, அவன் ஓட்டுற ஓட்டத்துக்கு. கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கிட்டு வந்தான். பாவம், அவன் மனசு நோகக் கூடாதுல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டில் குழம்பை ஊற்றினேன். அப்படியானால் நான் ஓட்டும்போது தூங்குவதும் இப்படித்தானா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.